ப்ரோகால்சிட்டோனின் ரிப்போர்ட்டில் 1.6 இருக்கும்போதே ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கமுங்க. நாங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் பண்ணையம் பார்க்கிற குடும்பம். என் மாமனாருக்கு 67 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. போன மாதம் ஒருநாள் பொழுதோட குளிர் நடுக்கம் வந்து கம்முன்னு படுத்துக்கொண்டார். காலையில் தொட்டுப் பார்த்தால் காய்ச்சலே இல்லை. ஆனால், இரண்டு வருடத்துக்கு முன்பே விற்றுவிட்ட எருமைக்கு ஏன் இன்னும் தண்ணீர் காட்டவில்லை என்று கேட்டார். பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். பிரஷர் 90, தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் சி.ஆர்.பி. ரத்த டெஸ்ட் 14 என்றார்கள். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மதியம் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் கோவைக்குக் கொண்டுபோனோம். அங்கே எடுத்தால் சி.ஆர்.பி. 165! சிறுநீரகக் குழாயில் கல் அடைத்துக் கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது, செப்சிஸ் என்று சொல்லி அன்று ராத்திரியே அடைப்பைத் தாண்டிச் சிறுநீர் இறங்க டி.ஜே. ஸ்டென்ட் என்ற குழாயை வைத்தார்கள். கிருமித் தொற்றைப் பார்க்க ப்ரோகால்சிட்டோனின் என்று ஒரு ரத்த டெஸ்ட், தடவைக்கு 2,400 ரூபாய். முதல் மூன்று நாளும், அப்புறம் ஐந்தாம் நாளும் ஏழாம் நாளுமாக ஐந்து தடவை எடுத்தார்கள். 38, 52, 27, 6.4, 1.6 என்று வந்தது. ரத்தத்தில் ஈ.கோலை கிருமி வளர்ந்திருந்ததாம். ஏழாம் நாளோடு ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டார்கள். நார்மல் 0.5-க்குக் கீழே என்று ரிப்போர்ட்டிலேயே போட்டிருக்கிறது. முழுசாகக் குறையும் முன்பே நிறுத்தியது சரியா? ஸ்டென்ட் வைத்த பிறகும் 52-க்கு ஏறியது ஏன்? இதே டெஸ்டை முதல் நாள் கோபியிலேயே எடுத்திருந்தால் ஐ.சி.யூ. வரை போயிருக்க வேண்டியதில்லை என்று பார்க்க வந்த ஒறம்பரை எல்லாம் சொல்கிறார்கள். அத்தனையும் காசு பிடுங்கும் வேலை என்கிறார் கொழுந்தனார். நேற்றிலிருந்து மாமியாருக்கும் லேசாகக் காய்ச்சல். நேராக லேபுக்குப் போய் இந்த டெஸ்டை எடுத்துவிடலாமா?

பதில்: அன்புள்ள அம்மணிக்கு, முதலில் உங்கள் மாமியார் விஷயம். அதுதான் அவசரம்.

லேபுக்குப் போக வேண்டாம். ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் மூச்சு மாறிவிடும். 22-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, பேச்சு தடம் மாறினாலோ, காலையிலிருந்து சிறுநீர் சரியாகப் போகவில்லை என்றாலோ, கை கால் சில்லிட்டிருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அப்படி எதுவும் இல்லை, கஞ்சி குடிக்கிறார், எழுந்து நடமாடுகிறார் என்றால் உங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டுங்கள், போதும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி எண்ணிப் பாருங்கள்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப்பட்டது அந்த 52 அல்ல, அந்த எருமைதான். சர்க்கரை உள்ள 67 வயதுக்காரர், முந்தின நாள் நடுக்கம், காலையில் நினைவு தடுமாறுகிறது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற உடம்பில் பிரஷர் 90. இந்த நாலையும் சேர்த்துப் பார்த்தால் எந்த லேப் ரிப்போர்ட்டும் வருவதற்கு முன்பே செப்சிஸ் என்று சந்தேகப்பட்டிருக்க வேண்டும். காய்ச்சல் இல்லாதது ஆறுதலே இல்லை. வயதானவர்களுக்கும் சர்க்கரைக்காரர்களுக்கும் செப்சிஸில் உடம்பு சுடாமலே இருக்கலாம். வழக்கத்தைவிடக் குளிர்ந்துகூடப் போகலாம்.

செப்சிஸ் என்றால் ‘ரத்தத்தில் கிருமி’ என்று நம் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். 2016-இல் உலக நிபுணர்கள் கூடி வகுத்த விளக்கம் வேறு. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்புச் சக்தி கட்டுத் தவறிப்போய், தன் சொந்த உறுப்புகளையே கெடுத்து உயிருக்கு ஆபத்தாவதுதான் செப்சிஸ். வேலியே பயிரை மேய்ந்த கதை. அதனால்தான் மூளை தடுமாறுகிறது, மூச்சு வாங்குகிறது, சிறுநீர் குறைகிறது, பிரஷர் விழுகிறது. 2017-இல் உலகம் முழுக்க சுமார் 4.9 கோடிப் பேருக்குச் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் அதையொட்டி இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது.

சரி, ப்ரோகால்சிட்டோனினுக்கு வருவோம். இது புதிதாக எங்கிருந்தோ வந்த பொருள் அல்ல. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோன் உருவாவதற்கு முந்தைய நிலை. ஆரோக்கியமான உடம்பில் ரத்தத்துக்குள் அநேகமாக வராது. பாக்டீரியா பெரிய அளவில் தாக்கினால் கல்லீரல், நுரையீரல், கொழுப்பு என்று உடம்பின் பல திசுக்களும் இதைக் கொட்ட ஆரம்பித்துவிடுகின்றன. கடும் தொற்று உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் இது மிக அதிகமாக இருப்பதைப் பாரிஸ் மருத்துவர்கள் 1993-இல் எழுதினார்கள். அன்றிலிருந்துதான் இதற்கு இந்த மவுசு. வைரஸ் காய்ச்சலில் பெரும்பாலும் அதிகம் ஏறாது என்பது இதன் சிறப்பு.

‘முதல் நாளே எடுத்திருந்தால்’ என்பதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எடுத்திருந்தாலும் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். தொற்று தொடங்கிய உடனே இந்த எண் ஏறாது. சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். உச்சியைத் தொட அநேகமாக ஒரு நாள் ஆகும். அந்த இடைவெளியில் எடுத்தால் ‘நார்மல்’ என்று வந்து எல்லோரையும் ஏமாற்றும்.

அப்படி ஏமாறப் பார்த்தவன் நான். பல வருடத்துக்கு முன்பு, நான் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், விசைத்தறிக்குப் போகிற ஒரு பெண்ணை ராத்திரி பதினோரு மணிக்குக் கொண்டுவந்தார்கள். நடுக்கம் வந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. ப்ரோகால்சிட்டோனின் 0.4. அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, வைரஸாக இருக்கும், காலை வரை பார்ப்போம் என்று எழுத உட்கார்ந்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் எழுதவிடவில்லை. “டாக்டர், மூச்சு இருபத்தெட்டு போகுதுங்க. நகத்தை அமுக்கிவிட்டா ரத்தம் திரும்பவே மாட்டேங்குது” என்றார். போய்ப் பார்த்தேன். விரல் நுனியை அழுத்தி விட்டால் மூன்று விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். நாலு, ஐந்து என்று எண்ணிக்கொண்டு நின்றேன். கல்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்டுக்கு, ரத்தம் எடுத்துவிட்டு அந்த நிமிடமே ஆன்டிபயாடிக் தொடங்கினோம். மறுநாள் காலையில் அதே டெஸ்ட் 31 என்று வந்தது. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். நர்ஸ் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

என் ஒருவனின் அனுபவத்தை மட்டும் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. செப்சிஸ் சிகிச்சைக்கான 2021-ஆம் ஆண்டு சர்வதேச வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: ஆன்டிபயாடிக்கைத் தொடங்கலாமா என்று முடிவுசெய்ய ப்ரோகால்சிட்டோனினைப் பார்க்காதீர்கள், நோயாளியைப் பாருங்கள். பிரஷர் விழுந்து ஷாக் நிலையில் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். ஷாக் இல்லை, செப்சிஸ்தானா என்பதும் நிச்சயமில்லை என்றால், மூன்று மணி நேரத்துக்குள் வேகமாக ஆராய்ந்து முடிவெடுக்கலாம். ஆகவே அன்று காலை தேவைப்பட்டது இந்த டெஸ்ட் அல்ல, ஆம்புலன்ஸ். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். மூச்சு வாங்கியதும் கொண்டுபோனது நீங்கள்தான்.

சி.ஆர்.பி. காலையில் 14, மதியம் 165. பார்த்தவர்கள் பதறத்தான் செய்வார்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எண்ணுக்கு அடுத்துப் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். முதல் லேப் மி.கி./டெசிலிட்டர் என்றும் கோவை லேப் மி.கி./லிட்டர் என்றும் போட்டிருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் முதல் எண்ணைப் பத்தால் பெருக்க வேண்டும். 14 என்பது உண்மையில் 140. சில மணி நேரத்தில் 140-லிருந்து 165-க்குப் போவது நடக்கக்கூடியதுதான்; பன்னிரண்டு மடங்கு எகிறவில்லை. இந்த அலகுக் குழப்பத்தை ஊர் ஊராகப் பார்க்கிறேன். உண்மையில் 140 என்று இருக்கிற ஒருவரை ‘14-தானே, லேசான தொற்று’ என்று யாராவது நினைத்து அனுப்பிவிட்டால் எவ்வளவு பெரிய ஆபத்து! ஒவ்வொரு லேபும் அலகைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்று நான் கேட்காத இடமில்லை.

அப்புறம், இந்த சி.ஆர்.பி. 1930-லேயே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்த பழைய ஆள். கல்லீரல் சுரக்கிறது, மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் கிருமி, மூட்டு வாதம், அடிபட்ட காயம், ஆபரேஷன் என்று எதற்கும் ஏறும். மெதுவாகத்தான் ஏறி இறங்கும்.

ஸ்டென்ட் வைத்த மறுநாள் ப்ரோகால்சிட்டோனின் 52 ஆனதற்கும், முன்பு சொன்ன அந்தத் தாமதம்தான் காரணம். ஏற்கெனவே கிளம்பிவிட்ட அலை உச்சிக்குப் போய்த்தான் இறங்கும். அதற்குப் பிறகு வந்த எண்களைக் கவனியுங்கள். 52, ஒரு நாளில் 27. இன்னும் இரண்டு நாளில் 6.4. மேலும் இரண்டு நாளில் 1.6. கிட்டத்தட்ட நாளுக்குப் பாதி. கிருமி அடங்கிவிட்டால் இந்தப் பொருள் ரத்தத்தில் சுமார் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும் என்பது நாங்கள் படித்த பாடம். உங்கள் மாமனாரின் உடம்பு அந்தப் பாடத்தை அப்படியே எழுதிக் காட்டியிருக்கிறது.

நிறுத்தியது சரியா? சரிதான். நான் இருந்தாலும் நிறுத்தியிருப்பேன்.

ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் ‘நார்மல்’ ஆரோக்கியமாக நடமாடுகிற ஆளுக்கு. ஐ.சி.யூ.வில் நாங்கள் பார்க்கும் கணக்கு வேறு: 0.5-க்கு வந்தால் நிறுத்தலாம், அல்லது உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கியிருந்தால் நிறுத்தலாம். 52-இல் 80 சதவீதம் போனால் மீதி 10.4. ஐந்தாம் நாளே உங்கள் மாமனார் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டார். நெதர்லாந்தில் ஐ.சி.யூ. நோயாளிகளை வைத்து இந்தக் கணக்கைப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ப்ரோகால்சிட்டோனினைப் பார்த்து நிறுத்தியவர்களுக்கு ஆன்டிபயாடிக் நாட்கள் குறைந்தன, இறப்பு கூடவில்லை, குறைந்தே இருந்தது. 2024 கடைசியில் பிரிட்டனிலிருந்து 2,760 செப்சிஸ் நோயாளிகளின் ஆய்வு வந்தது. தினமும் ப்ரோகால்சிட்டோனின் பார்த்ததில் மருந்து ஏறக்குறைய ஒரு நாள் குறைந்தது, பாதுகாப்பாகவும் இருந்தது. அதே ஆய்வில் சி.ஆர்.பி.யைப் பார்த்து முடிவெடுத்த குழுவில் மருந்து நாட்கள் குறையவே இல்லை.

ஒரு நாள்தானா என்று தோன்றலாம். ஐ.சி.யூ.வில் ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு நாள் குறைந்தால் ஒரு வருடத்தில் எவ்வளவு மருந்து மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐந்தாம் நாளே கோட்டைத் தாண்டியும் உங்கள் டாக்டர்கள் ஏழு வரை போனார்களே, ஏன்? ரத்தக் கல்சரில் கிருமி வளர்ந்ததால் என்று நினைக்கிறேன். அதிலும் அவர்கள் செய்தது நிதானமான காரியம். ரத்தத்தில் கிருமி வளர்ந்த 3,600-க்கும் மேற்பட்டவர்களை ஏழு நாடுகளில் சேர்த்து, ஏழு நாள் மருந்து போதுமா, பதினாலு நாள் வேண்டுமா என்று ஒரு பெரிய ஆய்வு பார்த்தது. 2024-இல் முடிவு வந்தது. 90 நாட்களில் இறந்தவர்கள் ஏழு நாள் குழுவில் 14.5 சதவீதம், பதினாலு நாள் குழுவில் 16.1. ஏழு நாள் எந்த விதத்திலும் சளைத்ததல்ல என்று நிரூபணமானது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில கிருமிகளையும், இதய வால்வுத் தொற்று, எலும்புத் தொற்று போன்றவற்றையும் அதில் சேர்க்கவில்லை. அவற்றுக்கு நீண்ட நாள் மருந்து வேண்டும், எண் இறங்கினாலும் நிறுத்தக் கூடாது. உங்கள் மாமனாருக்கு வந்தது ஈ.கோலை, சிறுநீர்ப் பாதையில், அடைப்பும் நீங்கிவிட்டது.

‘கோர்ஸை முடிக்க வேண்டும்’ என்று நாங்களே வருடக்கணக்காகச் சொல்லி உங்கள் மனதில் பதியவைத்திருக்கிறோம். அதனால் சீக்கிரம் நிறுத்தினால் பயம் வருவது இயல்பு. டாக்டர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும் என்பது அப்போதும் இப்போதும் உண்மை. ஆனால் அந்த நாள் எது என்று தீர்மானிப்பதில் நாங்களும் மாறியிருக்கிறோம். தேவைக்கு மேல் போகும் ஒவ்வொரு நாளும் குடலில் இருக்கும் மற்றக் கிருமிகள் மருந்தைப் பழகிக்கொள்ளும் நாள். அடுத்த தடவை தொற்று வந்தால் அந்தப் பழகிய கிருமிதான் முன்னே நிற்கும். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருப்பவர்களுக்குக் கொலிஸ்டின் என்ற பெயர் தெரிந்திருக்கும். கால்நடைக்கும் கோழிக்கும் அதைத் தருவதை 2019-இல் இந்திய அரசு தடை செய்தது. மற்ற மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு ஐ.சி.யூ.வில் நாங்கள் கடைசியாகக் கையில் எடுப்பவற்றில் அதுவும் ஒன்று. அந்தக் கடைசிப் பெட்டியைத் திறக்காமலே உங்கள் மாமனார் வீடு திரும்பியிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

கொழுந்தனார் சொல்வதை நான் அலட்சியமாக ஒதுக்க மாட்டேன். ஐந்து தடவைக்கு 12,000 ரூபாய். ஒரு பண்ணையக் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. என் கருத்தைச் சொல்கிறேன்: முதல் நாள், மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் என்று எடுத்திருந்தாலே போதும். உச்சமான 52 தெரியாமலே போயிருந்தாலும், 38-ஐ வைத்துக் கணக்குப் போட்டால்கூட 7.6-க்குக் கீழே வந்தாயிற்று. ஏழாம் நாள் எடுத்தது அவசியமில்லை. நிறுத்துவது அன்று எப்படியும் முடிவாகியிருக்கும். ஆனால் டெஸ்டே வீண் என்றால் ஒப்ப மாட்டேன். எடுத்த எண்ணைப் பார்த்து ஒரு முடிவு எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. எடுத்து ஃபைலில் கோத்துவிட்டு, மருந்தைப் பதினாலு நாளும் அப்படியே ஓட்டியிருந்தால் அது வீண் செலவு. இங்கே எண்ணைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். மெரோபெனம் போன்ற விலை உயர்ந்த ஆன்டிபயாடிக்காக இருந்தால், குறைத்த ஒவ்வொரு நாளும் டெஸ்டின் காசைத் திருப்பித் தந்திருக்கும்.

எண் ஏறுகிறது என்று மட்டும் பார்த்து மருந்தை மேலும் மேலும் கூட்டுவதும் தப்பு. டென்மார்க்கில் 1,200 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் அப்படிச் செய்து பார்த்து 2011-இல் எழுதினார்கள். உயிர் பிழைத்தவர்கள் கூடவில்லை, ஐ.சி.யூ.வில் கிடந்த நாட்கள்தான் கூடின. எண் இறங்காமல் நின்றால், சீழ் எங்கே தேங்கியிருக்கிறது, அடைப்பு எங்கே என்று தேட வேண்டும். உங்கள் மாமனாரைப் பிழைக்கவைத்ததில் பெரும் பங்கு அந்த ராத்திரி வைத்த ஸ்டென்ட்டுக்குத்தான். மேலே மடை அடைத்துக்கொண்டு நிற்கும்போது எவ்வளவு மருந்தை ஊற்றினாலும் பிரயோசனமில்லை. வாய்க்கால் பாசனக்காரர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதிக்கு வேண்டிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ப்ரோகால்சிட்டோனின் ஏறியிருக்கிறது என்றால் என்ன மருந்து தர வேண்டும் என்பதை அது சொல்லாது. சத்தியமங்கலம், அந்தியூர் மலையடிவாரத்திலிருந்து வருகிறவர்களுக்கு உண்ணிக் காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ் இருக்கலாம். அதிலும் இந்த எண் ஏறும். நாங்கள் வழக்கமாகப் போடும் விலை உயர்ந்த ஊசிகள் பல அதில் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்து கேட்கும். அதற்கு அடையாளம் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ மார்புக்குக் கீழோ சிகரெட் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. துணியை விலக்கித் தேடினால்தான் தெரியும். வெட்கப்பட்டு மறைப்பதால் பெண்களிடம் அது தப்பிவிடுகிறது. மாமியார் தோட்டத்தில் களை எடுக்கப் போகிறவர் என்றால் இன்று குளிக்கும்போது நீங்களே பார்த்துவிடுங்கள். இருந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வீட்டில் மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரை இருந்தால் அவருக்குக் கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் சொல்லி வாங்கியும் கொடுக்காதீர்கள். இரண்டு மாத்திரை உள்ளே போய்விட்டால் கல்சரில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் எதற்கு மருந்து கொடுக்கிறோம் என்பதே தெரியாமல் தடுமாறுவோம்.

மாமனாருக்கு அடுத்த சில மாதம் பலவீனம் இருக்கும். தூக்கம் கெடும், பெயர்கள் மறக்கும், பசி மட்டாக இருக்கும். செப்சிஸிலிருந்து மீண்டவர்களுக்கு இது சகஜம், விசனப்படாதீர்கள். முட்டை, பருப்பு என்று சத்தாகக் கொடுங்கள், வாசல் வரையிலாவது தினமும் நடக்க வையுங்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். மறுபடி நடுக்கம் வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள்.

கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று இருக்கிறது. அந்த டி.ஜே. ஸ்டென்ட் இன்னும் உள்ளேயே இருக்கும், கல்லும் இருக்கும். கல்லை எடுத்துவிட்டு ஸ்டென்ட்டையும் உருவ வேண்டும். உடம்பு தேறிவிட்டது, வலியும் இல்லை என்று மறந்துபோய், ஒரு வருடம் கழித்து ஸ்டென்ட் மேலேயே கல் படிந்து, மறுபடி அடைத்து, மறுபடி இதே செப்சிஸோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து, ஸ்டென்ட் எடுக்க எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். போடவில்லை என்றால் யூராலஜி டாக்டருக்கு நாளைக் காலையில் போன் செய்து கேளுங்கள். அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் சிவப்பு மையில் வட்டம் போட்டு வையுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அன்றைக்கு மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.